பச்சைத் தோலும் பத்து நாளும்

1897 மார்ச் 19-ஆம் தேதி வெனிஸில் கையெழுத்தான சர்வதேச சுகாதார உடன்படிக்கையில் ஒரு பட்டியல் உண்டு. பிளேக் கண்ட ஊரிலிருந்து வரும் கப்பலில் எந்தெந்தச் சரக்கை ஒரு நாடு இறக்க மறுக்கலாம் என்ற பட்டியல். உடுத்திக் கழித்த துணி, கந்தல், பழஞ்சாக்கு, பழைய கம்பளம் என்று ஆரம்பித்து, பச்சைத் தோல், பதனிடாத தோல், குளம்பு, நகம், பச்சைக் கம்பளி என்று நகர்ந்து, கடைசியில் மனிதத் தலைமயிரில் போய் முடிகிறது. இவை தவிர வேறு எதையும் நோயைக் காரணம் காட்டித் தடுக்கக்கூடாது.

பதனிட்ட தோல் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியும் சற்றே விலகியும் கிடக்கும் ஊர்களில் வளர்ந்தவன் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் மேலே படிப்பான். சென்னை ராஜதானியிலிருந்து லண்டன் ஏலத்துக்குப் போன பெயர்பெற்ற சரக்கு பதனிட்ட தோல்தான். சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிரும் சதையும் வழிக்கப்பட்டு, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடந்து, கடுக்காயில் முடிந்து வெளியே வரும் 'கிப்ஸ்'. பட்டை படுவதற்கு முன் அதே மாட்டின் அதே தோல் குற்றவாளி. பட்டை பட்ட பின் நிரபராதி. சரக்கின் மேலுள்ள சந்தேகத்தை நீக்க ஒரு மார்க்கம் இருந்தது, அந்த மார்க்கம் ஒப்பந்தத்தில் அங்கீகாரமும் பெற்றிருந்தது. மனிதனுக்கு ஆவாரம்பட்டை கிடையாது. அவனைப் பதனிட்டாயிற்று என்று ஒருவரும் சீட்டு எழுதித்தர முடியாது. அவனுக்கென்று வெனிஸில் கணக்கிட்டது பத்து நாள். பிளேக் உடம்பில் ஒளிந்திருக்கக்கூடிய உச்சபட்சக் காலம் அவ்வளவு என்று மேதைகள் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

தொற்றுநோய் ஒப்பந்தங்களைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். ஜெனீவாவில் உட்கார்ந்துகொண்டு நம் தேசத்தை ஆளப் பார்க்கிறார்கள் என்பது ஒரு கட்சி. கிருமிக்கு எல்லைக்கோடு தெரியாது, ஆகையால் மருந்துக்கும் சட்டத்துக்கும் எல்லை வேண்டாம் என்பது மற்றது. இருவருமே இந்த ஒப்பந்தங்கள் எதற்காகப் பிறந்தன என்று பார்த்ததாகத் தெரியவில்லை. 1851-இல் பாரிஸில் முதன்முதலாகப் பன்னிரண்டு அரசுகள் இதற்காகக் கூடின. நோயை ஒழிப்பது எப்படி என்பதைவிட, ஒவ்வொரு துறைமுகமும் தன் இஷ்டத்துக்குக் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைத்தால் வியாபாரம் என்ன ஆவது என்பதே அங்கே பெரிய கவலை. அதற்குப் பின் நாற்பது வருஷம் பேசிப் பேசி, 1892-இல்தான் சூயஸ் கால்வாயை மனத்தில் கொண்டு ஓர் உடன்படிக்கை உருப்பட்டது. அதன் பிறகு வந்தவை எல்லாவற்றுக்கும் உள்கட்டு ஒன்றுதான்: ஓர் அரசு இன்ன அளவுக்கு மேல் போகக்கூடாது என்ற உச்சவரம்பு. அதாவது இவை அரசுகளை ஏவுவதற்கு எழுந்தவை அல்ல, அடக்குவதற்கு எழுந்தவை. யாருடைய பொருட்டு அடக்கினார்கள் என்பதுதான் கேள்வி. சரக்கின் பொருட்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. மனிதன் சரக்கோடு கூடப் போகிறவன் என்ற அளவில் ஒப்பந்தத்துக்குள் வந்தான்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்லது. 1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் தெரியவருகிறது. பம்பாய்க் கப்பல் என்றாலே ஐரோப்பியத் துறைமுகங்கள் முகம் சுளிக்கின்றன. 1897 ஜனவரி கடைசியில் ஜான் உட்பர்ன் கல்கத்தாவில் சட்டசபையில் ஒரு மசோதாவை வைக்கிறார். பிப்ரவரி 4-ஆம் தேதி அது கொள்ளைநோய்ச் சட்டமாகிறது. பிப்ரவரி 16-ஆம் தேதி வெனிஸ் மாநாடு கூடுகிறது. எங்கள் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு பிரிட்டிஷ் பிரதிநிதிகள் மாநாட்டுக்குள் நுழைவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னதாகச் சட்டம் கையில் இருந்தது. நான்கே பிரிவுகள். இரண்டாவது பிரிவு அரசு அவசியம் என்று கருதும் எந்த விதியையும் செய்துகொள்ளலாம் என்கிறது. மூன்றாவது, மீறினால் தண்டனை. நான்காவது, நல்லெண்ணத்தில் செய்த எதற்காகவும் எவர் மேலும் வழக்குத் தொடர முடியாது. அகப்பட்டவனுக்கு என்ன கிடைக்கும், அவன் யாரிடம் போய் முறையிடலாம் என்பதற்கு ஐந்தாவது பிரிவு என்று ஒன்று எழுதப்படவில்லை.

வெனிஸில் இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டது பிரிட்டன். தேச உரிமை பறிபோனது என்று இதைச் சொல்லலாம். அப்போது பறிபோவதற்குத் தேச உரிமை எங்கே இருந்தது என்றும் கேட்கலாம். ஆனால் இன்னொன்று நடந்தது. 1858-இல் ராணியின் பிரகடனம் மத விஷயங்களில் தலையிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தது. 1897-இல் இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஹஜ் பயணமே நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவுக்கு நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள வேறு வழி அப்போது தோன்றவில்லை. வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் தோல் மண்டியில் சம்பாதித்ததை இந்த ஒரு கடமைக்காக மிச்சம் பிடித்து வைத்தவர்களுக்குப் பயணம் பெரும்பாலும் பம்பாய் வழிதான். அவர்களுடைய வியாபாரப் பொருள் பம்பாய் பிளேக்கினால் சட்டப்படி கெட்டுப்போகவில்லை. அவர்கள் கெட்டுப்போனார்கள். மற்ற வருஷங்களிலும் பயணம் சும்மா இல்லை. செங்கடல் வாயிலில் கமரான் என்று ஒரு தீவு. 1882-லிருந்து துருக்கி அரசு அங்கே யாத்ரீகர்களை இறக்கி, துணியை நீராவியில் போட்டு, நாள் கணக்கு முடியும் வரை அடைத்து வைத்தது. அடைத்து வைத்ததற்குக் கட்டணமும் யாத்ரீகனே கட்ட வேண்டும். முதல் வகுப்பில் ஐரோப்பா போகும் துரைக்கு அதே கடலில் இந்தத் தீவு குறுக்கே வரவில்லை.

நம் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையை நண்பர்கள் யாராவது பொழுதுபோகாமல் புரட்டினால் மத்தியப் பட்டியலில் இருபதாவதாக ஒரு வரி இருப்பதைக் காணலாம்: இந்தியாவுக்கு வெளியேயுள்ள தலங்களுக்கு யாத்திரை. இருபத்தெட்டாவதாகத் துறைமுகத் தனிமைக்காப்பு. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் ஆறாவது. நோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் தடுப்பது பொதுப் பட்டியலில். இந்தப் பங்கீட்டில் வெனிஸ், பாரிஸ் மாநாட்டு அறைகளின் வாசனை எனக்கு அடிக்கிறது. உள்ளூர்ச் சாக்கடை உள்ளூர்க்காரனுக்கு. கப்பல் ஏறும் உடம்பு டெல்லிக்கு. இதற்கும் மேலே 253-ஆவது ஷரத்து: வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றப் பார்லிமெண்ட் எந்தப் பட்டியலையும் தாண்டிச் சட்டம் செய்யலாம்.

கரையோடு நின்றிருந்தால் பத்து நாள் யாத்ரீகனின் கஷ்டமாக மட்டும் இருந்திருக்கும். அது ரயிலேறி உள்ளே வந்தது. 1898-இல் பெங்களூரில் பிளேக் கண்டது. பெங்களூர் லைன் சென்னை லைனைத் தொடுமிடம் ஜோலார்பேட்டை. வாணியம்பாடியும் ஆம்பூரும் அதற்கு அடுத்த ஸ்டேஷன்கள். சென்னை அரசு பம்பாய்க்காரர்களைப் போல வீடு புகுந்து தேடுவதைவிட நாசூக்கான ஒரு முறையைக் கண்டுபிடித்தது. பிளேக் பாஸ்போர்ட். நோய் கண்ட பகுதியிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவனுக்கு ஒரு சீட்டு. சீட்டை வைத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போகலாம். ஆனால் பத்து நாள் தன்னைக் கண்காணிப்பவர் முன்னால் போய் நிற்க வேண்டும். வெனிஸின் அதே பத்து.

சிறைச்சாலை பற்றிய தன் புத்தகத்தில் ஃபூக்கோ பிளேக் நகரத்தை ஓர் ஒழுங்குக் கனவாகக் காட்டுகிறார். வீட்டுக்கு வீடு பூட்டு, தெருவுக்குத் தெரு காவல், ஜன்னலில் ஆஜர் பட்டியல். நம் விமர்சகர்கள் இந்தப் பக்கங்களை எடுத்து எதற்கும் பொருத்திவிடுகிறார்கள். சென்னை ராஜதானியில் நடந்தது வேறு. இங்கே ஜன்னலுக்கு எதிரே காவலன் நிற்கவில்லை. சந்தேகத்துக்குள்ளானவன் தன் சந்தேகத்தைத் தானே சுமந்துகொண்டு தினமும் நடந்து போய், நான் இன்னும் சாகவில்லை, வீங்கவில்லை என்று காட்டிவிட்டு வந்தான். நிரூபிக்கும் பொறுப்பு அவன் தலையில். புனாவில் இதே காலத்தில் வீடு புகுந்தார்கள். 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அது சரித்திரமாயிற்று. சீட்டு வைத்துக்கொண்டு பத்து நாள் நடந்தவனைப் பற்றி நம்மிடம் கதையில்லை, கவிதையில்லை. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. ஜனங்கள் தங்கள் பங்குக்கு அந்த அளவுக்காவது பதிவு செய்தார்கள். காம்யுவின் ஓரான் நகரத்தில் அரபுக்காரர்கள் கிட்டத்தட்ட இல்லாமலே பிளேக் வந்து போகிறது என்று குறை சொல்வதுண்டு. நமக்கோ ஓரானே எழுதப்படவில்லை.

வங்கியில் ஏற்றுமதி பில் பார்க்கும் மேஜையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், சரக்கு எவ்வளவு பேசும் என்று. இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், எங்கே உற்பத்தியானது என்ற சான்று, கேட்கிற நாட்டைப் பொறுத்துக் கால்நடை வைத்தியரின் சான்று. எல்.சி.யில் உள்ள வாசகத்துக்கும் சான்றிதழ் வாசகத்துக்கும் ஓர் எழுத்து வித்தியாசப்பட்டால் பணம் நிற்கும். ஆட்சேபம் எழுதலாம், திருத்தலாம், பதில் வரும், அதற்குக் கெடு உண்டு. ஒரு கட்டுத் தோலுக்கு இத்தனை வாய். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. சுகாதார ஒப்பந்தங்கள் சரக்குக்குக் கொடுத்திருக்கும் நடைமுறை நியாயத்தை மனிதனுக்கும் கொடுத்திருந்தால் கணிசமான பேர் கணிசமான அவமானத்திலிருந்து தப்பியிருப்பார்கள்.

தோலுக்குள் உண்மையிலேயே ஆபத்து இல்லாமலில்லை. அடைப்பான் நோயில் செத்த மாட்டின் தோலிலும் மயிரிலும் கிருமியின் விதை வருஷக்கணக்கில் கிடக்கும். பிராட்போர்டின் கம்பளி ஆலைகளில் அதனால் தொழிலாளர்கள் செத்தார்கள். 1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு செய்த மூன்றாவது சிபாரிசே இதைப் பற்றியது: அடைப்பான் தொற்றிய கம்பளியை ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே சுத்தி செய்ய வேண்டும், இயலாவிட்டால் இறங்கும் துறைமுகத்தில். இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக என். எம். ஜோஷி அந்த மாநாட்டில் இருந்தார். பிரிட்டன் 1919-லேயே சட்டம் செய்து லிவர்பூலில் ஒரு சுத்தி நிலையம் கட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் பாதை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். ஆபத்து கிழக்கிலிருந்து புறப்படுகிறது, காப்பு மேற்கில் காத்திருக்கிறது. பேரணாம்பட்டில் பச்சைத் தோலை முதலில் தொட்டுத் தூக்கி ஊறல் குழியில் போடுகிறவன், அநேகமாகச் சேரியிலிருந்து வருகிறவன், இந்தத் திசையில் எங்கேயும் நிற்கவில்லை. அவனிடம் வரும்போது தோல் இன்னும் பயணம் தொடங்காத சரக்கு. எல்லை கடக்காத பொருளின் ஆபத்து சர்வதேச ஆபத்தாக எண்ணப்படவில்லை.

வெளிநாட்டு மண்டபத்தில் பிறந்த ஒரு சர்வதேச வாசகம் பாலாற்றங்கரைக்கே நேராக வந்து சேர்ந்த சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. 1996 ஆகஸ்ட் 28: வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு. தோல் ஷாப்புகளின் கழிவால் ஆற்றுப் பக்கத்தில் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாகத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இதைவிடப் பெரிய விஷயம், நீதிபதி குல்தீப் சிங் ஸ்டாக்ஹோம், ரியோ மாநாடுகளிலிருந்து முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை எடுத்து, இது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணில்லாத சர்வதேச வழக்கம் தானே உள்ளே வந்துவிடும் என்றார். கேடு நிச்சயமாக நிரூபணமாகும்வரை காத்திருக்க வேண்டாம். கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவனுடையது.

ஷாப்பைப் பொறுத்தவரை இது சரி என்றே நினைக்கிறேன். பாலாற்று மணலையும் கிணற்றையும் பார்த்தவன் வேறு மாதிரி நினைக்க முடியாது. ஆனால் இந்தத் தர்க்கத்தைத் தனித்து எடுத்து வைத்துப் பார்த்தால் அது பழைய பிளேக் பாஸ்போர்ட்டின் தர்க்கம்தான். நிச்சயம் தெரியும் முன் நடவடிக்கை. குற்றமில்லை என்று காட்ட வேண்டியது சந்தேகத்துக்குள்ளானவன். ஆலைக்கு உடம்பில்லை, கௌரவமில்லை, அதன் மேல் இந்தப் பொறுப்பை ஏற்றலாம். மனிதன் மேல் ஏற்றும்போது எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை வேலூர்த் தீர்ப்பு சொல்லவில்லை. அதற்குச் சொல்ல வேண்டிய அவசியமும் அன்று இல்லை.

2020-இல் அவசியம் வந்தது. ஜனவரி 30-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைச் சர்வதேச அவசரநிலை என்று அறிவித்தபோது, பயணத்துக்கோ வியாபாரத்துக்கோ தடை சிபாரிசு செய்யவில்லை. 1851-இன் குரல் அப்படியே. ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்ட நிர்வாகம் ஆந்திர எல்லையில், குடியாத்தத்தை அடுத்த சைனகுண்டாவிலும் பொன்னையிலும், சாலைக்குக் குறுக்கே கல் வைத்துச் சுவர் எழுப்பியது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வரும் வழி. கூச்சல் கிளம்பியதும் சுவரை இடித்தார்கள். எந்த ஜெனீவாவும் அந்தச் சுவரைக் கேட்கவில்லை. 2005-ஆம் வருஷத்துச் சர்வதேச சுகாதார விதிகளின் மூன்றாவது ஷரத்து மனித கண்ணியம், உரிமை, அடிப்படைச் சுதந்திரம் என்று பேசுகிறது; ஒப்பந்த வாசகத்தில் மனிதன் சரக்கைத் தாண்டி வந்து நிற்பதற்கு நூற்றைம்பது வருஷம் பிடித்தது. அந்த விதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சுவர் முன்னால் நின்றிருந்தால் சுவரைத்தான் அவை கண்டித்திருக்கும். தமிழ்நாடு அரசு அந்த மார்ச் மாதம் தன் கொரோனா விதிமுறைகளை எந்தச் சட்டத்தின் கீழ் பிறப்பித்தது? 1897-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ். வெனிஸ் உடன்படிக்கை 1903-இல் பாரிஸ் உடன்படிக்கையில் கரைந்து போயிற்று. கையெழுத்திட்ட பேரரசுகளில் பல இல்லை. அந்த மாநாட்டுக்கு முகம் காட்டுவதற்காகப் பன்னிரண்டு நாள் முந்திச் செய்த நான்கு பிரிவுச் சட்டம் சுதந்திர இந்தியாவில் சௌக்கியமாக இருந்தது.

ஆகவே 2025 மே 20-ஆம் தேதி உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதைப் பற்றி இறையாண்மைக் கட்சிக்காரர்கள் எழுப்பும் கூக்குரலில் எனக்கு ஈடுபாடு வரவில்லை. எந்த நாட்டின் சட்டத்தையும் மாற்றும்படி ஏவவோ, தடுப்பூசியைக் கட்டாயமாக்கச் சொல்லவோ, ஊரடங்கு போடச் சொல்லவோ நிறுவனத்துக்கு அதிகாரமில்லை என்று அந்த ஒப்பந்தமே எழுதி வைத்திருக்கிறது. தேசம் பத்திரமாக இருக்கிறது. 2024-இல் திருத்திய சுகாதார விதிகளை ஏற்க மாட்டோம் என்று சொல்ல நாடுகளுக்குப் பத்து மாதக் கெடு இருந்தது; 2025 ஜூலையில் அமெரிக்கா சொல்லியும் விட்டது. எல்.சி. போலத்தான்: ஆட்சேபம், கெடு, பதில். இறையாண்மை ஷரத்து காப்பது அரசை. அரசிடமிருந்து எவனைக் காக்க வேண்டுமோ அவன் அந்த ஷரத்துக்கு மறுபக்கம் இருக்கிறான். அவனுக்கு உதவியது 2022 மே மாதத்தில் ஜேக்கப் புலியேல் வழக்கில் உள்ளூர் நீதிமன்றம் சொன்னதுதான்: உடம்பின் மேல் ஒருவனுக்குள்ள உரிமை 21-ஆவது ஷரத்தில் அடக்கம், அவனைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, அவன் மேல் போடும் கட்டுப்பாடு தகுந்த அளவில் இருக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு கொஞ்சம் அரசு பக்கம் நகர்ந்தது. அந்தத் தீர்ப்பு இறையாண்மையின் பெயராலும் வரவில்லை, ஜெனீவாவின் பெயராலும் வரவில்லை.

ஒப்பந்தத்தில் நம் ஊர்க்காரன் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. கிருமி மாதிரியைப் பகிர்ந்துகொள்வது பற்றிய ஏற்பாடு. நோய் கண்ட நாடு கிருமியையும் அதன் மரபணு வரிசையையும் கொடுக்க வேண்டும். மருந்துக் கம்பெனிகள் தங்கள் உற்பத்தியில் இருபது சதவீதத்தை நிறுவனத்தின் கைக்கு எட்டச் செய்ய வேண்டும், அதில் குறைந்தது பத்து தானமாக. இதன் விவரங்களை ஓர் அனுபந்தத்துக்குத் தள்ளிவிட்டு, பேச்சுவார்த்தை தொடரட்டும் என்று 2025-இல் கலைந்தார்கள். 2007 வாக்கில் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் மாதிரிகளைத் தர மறுத்தது இதே சண்டைதான்: எங்கள் கிருமியைக் கொண்டுபோய்ச் செய்த தடுப்பூசி எங்களுக்கு எட்டாத விலையில் திரும்பி வருகிறது. பச்சைத் தோல் போய்ப் பூட்ஸாகத் திரும்பி வரும் கதையை வேலூர் ஜில்லாவில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1970-களின் ஆரம்பத்தில் சீதாராமையா கமிட்டியின் யோசனைப்படி பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும் பாதி பதனிட்ட தோலுக்கு அளவும் விதித்த பிறகுதான் ஆம்பூரில் செருப்பு, பூட்ஸ் தொழிற்சாலைகள் பெருகின, பெண்கள் கூட்டம் கூட்டமாக ஷிஃப்ட்டுக்குப் போனார்கள். தன் மூலப்பொருளைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் உரிமை தேச உரிமைகளில் நிஜமானது. அதைப் பேசும்போது மட்டும் இறையாண்மைக் கட்சிக்காரர்களின் குரல் ஏன் இறங்கிவிடுகிறது என்று தெரியவில்லை. கிருமி யாருடைய உடம்பில் விளைந்ததோ அவனுக்கு அதில் ஏதாவது பங்குண்டா என்பதை அவர்களும் கேட்கவில்லை, ஜெனீவாவும் கேட்கவில்லை.

1897-ஆம் வருஷத்துச் சட்டத்தை 2020-இல் திருத்தினார்கள். மருத்துவ ஊழியர்களைத் தாக்கினால் ஏழு வருஷம் வரை சிறை என்று சேர்த்தார்கள். அது தேவையாகத்தான் இருந்தது. 2024 பிப்ரவரியில் சட்டக் கமிஷன், இந்தச் சட்டம் போதாது, மாற்ற வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. நான்காவது பிரிவை 2020 திருத்தம் தொடவில்லை. தனிமைப்படுத்தப்பட்டவன் எத்தனை நாள், யார் உத்தரவில், யாரிடம் மேல்முறையீடு என்று எழுதிச் சேர்க்க அப்போது யாருக்கும் நேரமில்லை.